பயந்தாங்கொள்ளி யார் வீட்டுப் பிள்ளை?

எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் 'நோபிட்டா' என்பது ஒரு வசவு. கரும்பலகைக்குக் கூப்பிட்டால் எழுந்து வராதவன், அடித்தால் திருப்பி அடிக்காமல் அழுகிறவன், கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிறவன் எல்லோருக்கும் பிள்ளைகள் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது. "ஏல நோபிட்டா, போயி ஒன் டோரேமான்ட்ட சொல்லுல" என்று ஒருவன் ஆரம்பித்தால் போதும், அறை முழுக்கச் சிரிப்பு. சிரிக்கப்பட்டவனும் சேர்ந்து சிரிப்பான். அவன் சிரிப்பு மட்டும் கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிடும்.

கல்லிடைக்குறிச்சியில் இந்தப் படிப்பகத்தை நாங்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். சமூகப்பணியில் இருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், வேலை முடிந்து வந்து உட்காரும் ஒரு தையல்காரத் தோழி. பாடம் சொல்லிக்கொடுப்பது பாதி வேலை. பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்கு வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று கவனிப்பது மீதி வேலை. அந்தக் கவனிப்பிலிருந்துதான் இந்தக் கட்டுரை. கார்ட்டூனைப் பற்றி எழுத இயக்கத்துக்காரர்களுக்கு நேரம் இருக்கிறதா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நம் பிள்ளைகள் தினமும் மணிக்கணக்கில் பார்க்கும் ஒன்றைப் பற்றிப் பேச நேரமில்லை என்றால், அவர்களிடம் அம்பேத்கரைப் பற்றிப் பேச நமக்கு வழியும் இல்லை.

நோபிட்டாவைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜப்பானில் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயரில் ஹிரோஷி ஃபுஜிமோட்டோ வரைந்த 'டோரேமான்' சித்திரக்கதை 1969 டிசம்பரில் சிறுவர் இதழ்களில் தொடங்கியது. 1979 முதல் தொலைக்காட்சித் தொடர். இந்தியாவுக்கு 2005-இல் வந்தது. இப்போது டிவியிலும் கைபேசியிலும் தமிழ் பேசி ஓடுகிறது. நோபிட்டா கண்ணாடி போட்ட பள்ளிச் சிறுவன். பரீட்சையில் பூஜ்யம் வாங்குவான். ஓடினால் கடைசி. சட்டென்று அழுதுவிடுவான். ஜியான் என்ற தடியன் அவனை அடிப்பான். சுனியோ என்ற பணக்கார வீட்டுப் பையன், தன் வீட்டில் இருப்பதை எல்லாம் சொல்லிச்சொல்லி அவனை நோகடிப்பான். ஷிசுக்கா என்ற சிறுமி அவனிடம் அன்பாக இருப்பாள். 22-ஆம் நூற்றாண்டிலிருந்து அவனைக் காப்பாற்ற அனுப்பப்பட்ட பூனை வடிவ ரோபோ டோரேமான், தன் வயிற்றுப் பையிலிருந்து விதவிதமான கருவிகளை எடுத்துக் கொடுக்கும்.

கதை சிரிப்புக் கதைதான். பயந்த பிள்ளையின் பயம்தான் அதில் சிரிப்புக்கு விறகு. ஆனால் அந்தச் சித்திரத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு இடம் இருக்கிறது. அந்தத் தெருவில் ஒரு காலி மனை. அதில் மூன்று பெரிய சிமெண்ட் குழாய்களை அடுக்கிப் போட்டிருப்பார்கள். காலையில் ஜியானிடம் அடி வாங்கிய நோபிட்டா சாயங்காலம் அதே காலி மனைக்கு வருவான். ஜியானும் வருவான். சுனியோவும் வருவான். திட்டிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் ஒரே பந்தை விளையாடுவார்கள். நீளப்படங்களில் ஆபத்து என்று வந்துவிட்டால் அதே ஜியான்தான் நோபிட்டாவுக்கு முன்னால் போய் நிற்பான். ஜியான் முரடன். ஆனால் நோபிட்டாவின் தாத்தா யார் என்று அவன் கேட்பதில்லை. நோபிட்டா எந்தத் தெரு என்று தெரிந்துகொண்டு அடிப்பதில்லை. அவன் அடி அன்றைக்கோடு முடிகிற அடி.

நம் ஊரில் அந்தக் காலி மனை எங்கே இருக்கிறது?

தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது கல்லிடைக்குறிச்சி. ஆற்றைத் தாண்டினால் அம்பாசமுத்திரம். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் வயல் விளையும் ஊர். அப்பளத்துக்குப் பேர்போன ஊர். அக்கிரகாரத் தெருக்கள், சங்கீதம், கோயில்கள் என்று வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து எழுதும் ஊர். ஊர் என்ற சொல்லுக்குள் நம் குடியிருப்பு வருவதில்லை என்பதை அந்தப் புகழுரைகளைப் படிக்கும் எவரும் தெரிந்துகொள்ளலாம். ஆற்றங்கரையில் யார் எந்தப் படித்துறையில் இறங்குவது, எந்தத் திடலில் யார் மட்டை பிடிப்பது என்பதெல்லாம் எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது மனப்பாடமாகத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தெரியும் என்பதுதான் அதன் பலம்.

பள்ளிகளில் ஆசிரியர்களிடம் பேசும்போது எங்களுக்கு அடிக்கடி கிடைக்கும் ஒரு பாராட்டு இருக்கிறது. "உங்க பிள்ளைங்க ரொம்ப அமைதி சார். இருக்கிற இடமே தெரியாது." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதற்கு ஒரு பிள்ளை எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்று அவர்கள் யோசிப்பதில்லை.

சமூகவியல் படிப்பவர்கள் எர்விங் கோஃப்மனின் 'ஸ்டிக்மா' நூலைக் கடந்துவந்திருப்பீர்கள். 1963-இல் வந்தது. இழிவு சுமத்தப்பட்ட மனிதர்களில் அவர் இரண்டு நிலைகளைப் பிரிக்கிறார். சிலருடைய அடையாளம் பார்த்த உடனேயே தெரிந்துவிடுகிறது. வேறு சிலருடையது எப்போது வேண்டுமானாலும் தெரிந்துவிடலாம் என்ற நிலையில் இருக்கிறது. இந்த இரண்டாம் வகையினர் நாள் முழுக்க ஒரு வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள்: யாருக்கு என்ன தெரியும், எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று கணக்குப் பார்க்கும் வேலை. அயலூர்ப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளையின் நிலை இதுதான். "எந்த ஊரு?" என்பது முதல் கேள்வி. "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பது இரண்டாம் கேள்வி. "அப்பா என்ன பாக்காரு?" என்பது மூன்றாம் கேள்வி. இந்த மூன்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டே ஒரு பத்து வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது, பின்னக் கணக்கு மண்டையில் ஏறவில்லை என்றால் அதற்குப் பெயர் மந்தம் என்று வைக்கிறார்கள்.

நோபிட்டாவின் பயம் கூச்ச சுபாவம். நம் பிள்ளையின் பயம் அனுபவம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

பாபாசாகேப் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருப்பதை நாம் எல்லோரும் மேடையில் சொல்கிறோம். சதாராவில் அவர் உட்கார வீட்டிலிருந்து கோணிச்சாக்கு கொண்டுபோக வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து ஊற்ற வேண்டும். பியூன் இல்லை என்றால் தண்ணீர் இல்லை. இதைச் சொல்லிவிட்டு நாம் உடனே அரசமைப்புச் சட்டத்துக்குத் தாவிவிடுகிறோம். நடுவில் அந்தச் சிறுவன் இருக்கிறான். சாக்கைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும் சிறுவன். அவன் பயப்படவில்லை என்று நினைக்க நமக்கு ஆசையாக இருக்கிறது. ஒன்பது வயதில், தன் அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும், அப்பாவைப் பார்க்க ரயிலில் போய் மசூர் நிலையத்தில் இறங்கி, வண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுத்து, இரவு முழுக்கத் தண்ணீர் கிடைக்காமல் தவித்த கதையையும் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பயத்தை அவர் மறைக்கவில்லை. பெரியவரான பிறகும் அது தன் நினைவில் ஆழமாகப் பதிந்திருந்ததை எழுதிவைத்தார். பயந்ததைச் சொல்ல முடிந்ததும் அவருடைய பலத்தில் ஒரு பகுதி என்று நாங்கள் கருதுகிறோம்.

தண்ணீர்ப் பானைக்கு சதாரா வரை போக வேண்டியதில்லை. வ.வே.சு. ஐயரின் குருகுலம் 1922-இல் தொடங்கியது இந்தக் கல்லிடைக்குறிச்சியில்தான். பிறகுதான் சேரன்மாதேவிக்குப் போனது. தேசியக் கல்வி என்ற பெயரில், தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாய் கொடுத்த நிறுவனம் அது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற செய்தி 1924-இல் வெடித்தது. பின்னாளில் சென்னை மாகாணப் பிரதமரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தார். பிராமண மாணவர்களுக்கான பானையில் நீர் குடித்ததற்காக அவர் தண்டிக்கப்பட்டார் என்பது அந்தப் போராட்ட வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். காந்தி வரைக்கும் விவகாரம் போனது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

தமிழ்நாட்டு அரசியலைத் திருப்பிப்போட்ட அந்தப் போராட்டம், ஒரு பிள்ளை தண்ணீர் குடித்ததில் வந்து நிற்கிறது. அதை நாங்கள் மதிக்கிறோம். கூடவே ஒரு கேள்வியும் கேட்கிறோம். அந்தப் பந்தியில் சம இடம் கேட்ட வரலாற்றை நூறு ஆண்டுகளாகப் பெருமையோடு சொல்லும் சமூகங்களின் வீட்டுப் பிள்ளைகளில் சிலர், இன்றைக்குக் கையில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு பக்கத்து இருக்கைக்காரனின் தெருவை விசாரிக்கிறார்களே, அவர்களுக்கு அந்த வரலாற்றில் எந்தப் பக்கத்தைச் சொல்லிக்கொடுத்தோம்? தனக்கு மேலே இருக்கும் பானையைத் தொடும் உரிமை வேண்டும், தனக்குக் கீழே ஒரு பானை தனியாக இருந்தால் பரவாயில்லை என்ற புத்திக்குப் பெயர் சமத்துவம் ஆகாது.

உட்காரும் இடத்தைப் பற்றி இன்னொரு கார்ட்டூன் நமக்குச் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் சார்லஸ் ஷுல்ஸ் 1950 முதல் வரைந்த 'பீனட்ஸ்' தொடரிலும் இப்படி ஒரு பயந்த பிள்ளைதான் மையம். சார்லி பிரவுன் என்று பெயர். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாட்களில், ஹாரியட் கிளிக்மன் என்ற ஆசிரியை ஷுல்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த நண்பர் கூட்டத்தில் ஒரு கறுப்பினப் பிள்ளையைச் சேர்க்கக் கூடாதா என்று கேட்டார். ஷுல்ஸ் முதலில் தயங்கினார். கறுப்பின மக்களை மேலிருந்து பார்த்து இரக்கம் காட்டுவதாக ஆகிவிடுமோ என்பது அவர் தயக்கம். கடைசியில் 1968 ஜூலை 31 அன்று ஃபிராங்க்ளின் வந்தான். கடற்கரையில் சார்லி பிரவுன் தொலைத்த பந்தை எடுத்துக் கொடுத்தபடி வந்தான். கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக வரையாதீர்கள் என்று தென்மாநிலப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் எழுதினார். ஷுல்ஸ் மாற்ற மறுத்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நல்ல கதை. 1973-இல் வந்த ஒரு தொலைக்காட்சிப் படத்தில் எல்லோரும் விருந்துக்கு உட்காருகிறார்கள். மேசையின் ஒரு பக்கம் முழுக்கப் பிள்ளைகள். எதிர்ப்பக்கத்தில் ஃபிராங்க்ளின் மட்டும் தனியாக. யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். அதனால்தான் அது உறுத்துகிறது. கூட்டத்தில் சேர்த்துக்கொண்ட பிறகும் பந்தியில் தனி இருக்கை. அந்தக் காட்சி பல ஆண்டுகள் விமர்சிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் ஃபிராங்க்ளினை மையமாக வைத்து வந்த புதிய படத்தில், நண்பர்கள் அவனைத் தங்கள் பக்கத்துக்கு வந்து உட்காரச் சொல்லும் காட்சி வைக்கப்பட்டது. ஒரு நாற்காலி மேசையைச் சுற்றி வர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. கல்லிடைக்குறிச்சிப் பந்தியின் கதை தெரிந்த நமக்கு இது ஆச்சரியம் தராது.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். பள்ளி மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதியைக் காட்டும் கயிறுகள் கட்டுகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்று 2019-இல் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு பின்வாங்கியது. 2022 ஏப்ரலில், இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில், கயிற்றை வைத்து எழுந்த தகராறில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். கயிறு யார் கையில் இருந்தாலும் அது சுற்றுவது பிள்ளையின் கழுத்தை என்று அப்போதே ஊருக்கு உறைத்திருக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரி. வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த நம் பையனை, உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதிர்ச்சியில் உறவினர் ஒருவர் அங்கேயே இறந்துபோனார். இந்த விவரங்கள் எல்லோருக்கும் தெரியும். இதில் நாம் மறக்கக் கூடாத வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் தொல்லை. பிறகு அந்தப் பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்துகிறான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரிக்கிறார்கள். அவன் நடந்ததைச் சொல்கிறான். சொன்ன பிறகுதான் வெட்டு விழுகிறது.

"பயப்படாமல் டீச்சரிடம் சொல்" என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நாம் அத்தனை பேரும் இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். அவன் தைரியமாகச் சொன்னான். சொன்னவனைக் காக்க அந்த இரவில் யாரும் இல்லை. அப்படியானால் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லும் தகுதி நமக்கு எங்கிருந்து வந்தது? அவன் நம்மைவிடச் சரியாக நிலைமையைக் கணித்திருக்கிறான்.

அடுத்த ஆண்டு அந்த மாணவர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். நாமும் மகிழ்ந்தோம், பகிர்ந்தோம். அந்த மகிழ்ச்சியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வெட்டுப்பட்டும் படித்தான் பார், உனக்கு என்ன கேடு என்று இன்னொரு பிள்ளையிடம் கேட்கத் தொடங்கினால், வெட்டியவர்களின் கணக்கு நம் பிள்ளைகளின் தலையில் எழுதப்படும். வெறும் 250 எடுத்திருந்தாலும், படிப்பையே விட்டிருந்தாலும், அவன் நியாயத்துக்கு உரியவன்தான்.

டோரேமான் கதைகளில் 1974-இல் வந்த ஒரு கதை புகழ்பெற்றது. டோரேமான் எதிர்காலத்துக்கே திரும்பிப் போயாக வேண்டிய நிலை. தான் இல்லாமல் நோபிட்டா என்ன செய்வான் என்று அது கலங்குகிறது. அன்றிரவு நோபிட்டா, எந்தக் கருவியும் இல்லாமல், தனியாக ஜியானோடு மோதுகிறான். அடி மேல் அடி வாங்குகிறான். விழுந்து விழுந்து எழுகிறான். கடைசியில் ஜியான் அலுத்துப்போய்த் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். நண்பன் நிம்மதியாகப் போகட்டும் என்பதற்காக அழுகுணிப் பிள்ளை எடுத்த முடிவு அது. எங்கள் படிப்பகத்தில் இந்தக் கதையைப் போட்டுக்காட்டியபோது அறையில் சத்தமே இல்லை. முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, இவன் தனியாத்தான வந்தான் ஜியானு? அவனுக்கு ஆளு இல்லையா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தக் கதையை வீரக்கதையாகச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஜியான் தனி ஆள். நம் பிள்ளைக்கு எதிரில் நிற்பவனுக்குப் பின்னால் தெரு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது, சில இடங்களில் பணியிலிருக்கும் பெரியவர்களே இருக்கிறார்கள். அவனிடம் போய் எழுந்து நின்று மோது என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது, நாம் செய்ய வேண்டிய வேலையை அதன் தோளில் தூக்கி வைப்பது.

டோரேமானின் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்குக் கிடைத்த சட்டங்களை, இடஒதுக்கீட்டை, உதவித்தொகையை யாரோ பையிலிருந்து எடுத்துப் போட்ட கருணை மாதிரி பேசுகிறவர்கள் உண்டு. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எந்த ரோபோவும் தந்தது இல்லை. அதற்குப் பின்னால் கீழ்வெண்மணி போன்ற ஊர்களின் சாம்பல் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் வந்த 15-அ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புத் தரும் கடமையை அரசின் மீது வைக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வுக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கின்றன அதன் விதிகள். சொன்ன பிள்ளையைக் காக்கும் வழி சட்டத்தில் இருக்கிறது. அதை இழுத்துக் கொண்டுவந்து பிள்ளையின் வாசலில் நிறுத்துவது நம் வேலை.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, கயிறு போன்ற அடையாளங்களைத் தடை செய்வது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியாமல் பார்த்துக்கொள்வது, பள்ளி நல அலுவலர்களை நியமிப்பது என்று நிறையப் பரிந்துரைகள். அவற்றில் பலரும் கடந்துபோன ஒன்று, மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பது. சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு பந்தியும் ஒரு நாற்காலியும் செய்ததைப் பார்த்த பிறகு அது சின்ன விஷயமில்லை என்று புரியும்.

இனி, பயந்த பிள்ளையின் மறுபக்கம்.

மாஞ்சோலைத் தோட்டத்திலிருந்து குடும்பங்கள் கீழே இறங்கியதை நீங்கள் அறிவீர்கள். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம், காலம் முடியும் முன்பே 2024-இல் கடையைக் கட்டியது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள், 1999 ஜூலை 23 அன்று கூலி கேட்டுப் போன ஊர்வலத்தில் தாமிரபரணியில் 17 உயிர்களைக் கொடுத்தவர்கள், பெட்டி படுக்கையோடு சமவெளிக்கு வந்தார்கள். அப்படி வந்த ஒரு சிறுமி எங்கள் படிப்பகத்தில் சேர்ந்தாள். மூன்று மாதம் அவள் குரல் எங்களுக்குத் தெரியாது. வாசல் ஓரத்தில்தான் உட்காருவாள். யாராவது சத்தம் போட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். பிள்ளைகள் அவளுக்கும் அந்தப் பட்டப்பெயரைத்தான் வைத்தார்கள்.

ஒரு நாள் அவள் எங்கள் தையல்காரத் தோழியின் பக்கத்தில் போய் நின்று மெல்லச் சொன்னாள்: "யக்கா, அந்த அண்ணன் ரெண்டு நாளா வாய்க்கா வழியா சுத்தி வாரான்." பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சொன்னாள். நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை. அவன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டும் கபடி ஆடிக்கொண்டும்தான் இருந்தான். விசாரித்தபோதுதான் வந்தது: பேருந்து நிறுத்தத்தில் சில பையன்கள் அவன் சட்டையைப் பிடித்துப் பெயரையும் தெருவையும் சொல்லச் சொல்லி மிரட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மாவிடமும் சொல்லவில்லை. நாங்கள் அவன் வீட்டாரோடு பேசினோம். பள்ளியில் பேசினோம். பிரச்சினை பள்ளிக்கு வெளியே நடந்தது, அதனால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்றார்கள். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் எங்களில் ஒருவர் தினமும் அந்த நிறுத்தத்தில் நின்றோம். மிரட்டல் நின்றது. நிரந்தரமாகவா என்று கேட்டால், நாங்கள் இன்னும் அந்தப் பக்கம் போய்வந்துகொண்டுதான் இருக்கிறோம்.

தைரியசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் பார்க்காததை, காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை பார்த்தது. ஆபத்து எந்த வழியில் வரும் என்று எப்போதும் கவனித்துக்கொண்டிருப்பவளுக்கு, இன்னொருவன் வழி மாற்றியது உடனே தெரிந்துவிட்டது. அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல், தன் கூச்சத்தை மீறி, ஒருவரிடம் வந்து சொன்னாள். ஃபுஜியோவின் இன்னொரு கதையில், திருமணத்துக்கு முந்தைய இரவு, ஷிசுக்காவின் அப்பா அவளிடம் நோபிட்டாவைப் பற்றிப் பேசுகிறார். பிறர் மகிழ்ச்சியை மனதார விரும்பவும், பிறர் துன்பத்துக்கு வருந்தவும் தெரிந்தவன் அவன் என்றும், ஒரு மனிதனுக்கு அதுவே முக்கியமான குணம் என்றும் சொல்கிறார். படிப்பு வராத, ஓட வராத, அழுகிற பிள்ளையின் மதிப்பை அவர் ஒருவர் சரியாகப் பார்த்தார். நம் இயக்கங்களில் உரத்த குரலுக்குக் கிடைக்கும் இடம் இந்தக் குணத்துக்குக் கிடைக்கிறதா என்று இளம் தோழர்கள் யோசிக்க வேண்டும். அடுத்தவர் வலி தனக்கு வலிப்பதிலிருந்துதானே நாம் எல்லோரும் இந்த வேலைக்கு வந்தோம்?

படிப்பகம் நடத்தும், நடத்தப்போகும் தோழர்களுக்கு நாங்கள் கடைப்பிடிக்கும் சிலவற்றைச் சொல்லி வைக்கிறோம்.

வட்டமாக உட்காருங்கள். வாசல் ஓரமும் சுவர் மூலையும் யாருக்கும் நிரந்தர இடம் ஆகக் கூடாது. புதிதாக வரும் பிள்ளையிடம் பெயரைக் கேளுங்கள். தெருவையும் அப்பாவின் தொழிலையும் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். பேசாத பிள்ளையை எழுப்பி நிறுத்திப் பேசவைக்காதீர்கள். எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள், படம் வரைந்து போட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அழுகிற ஆண்பிள்ளையை "பொம்பளப் பிள்ள மாதிரி" என்று சொல்லும் வாயை முதலில் நம் பக்கத்திலேயே அடக்குங்கள். சாதித் திமிருக்குள் ஆண் திமிரும் இருக்கிறது.

ஒரு பிள்ளை உங்களிடம் தொல்லையைச் சொல்லிவிட்டால், அந்த நொடியிலிருந்து பொறுப்பு உங்களுடையது. சொன்னது இன்னார் என்ற செய்தி எதிர்த்தரப்புக்குப் போகாமல் பாருங்கள். சமாதானம் பேசுகிறோம் என்று இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். அன்றிரவு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாரை எழுப்பலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுவர் உதவிக்கு 1098, வன்கொடுமை உதவிக்கு 14566 என்ற எண்கள் சுவரில் இருக்கட்டும். பெரியவர்களுக்கும் அவை தெரியட்டும். வாயால் சொன்னதோடு விடாமல் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மறுநாள் காலை அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகும்போது கூட ஒருவர் நடங்கள்.

பயந்த பிள்ளையிடம் தைரியம் கேட்பது சுலபம், அதற்குச் செலவு இல்லை. பிள்ளை பயப்படத் தேவையில்லாத ஒரு பேருந்து நிறுத்தத்தை உண்டாக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், ஒருவர் மாற்றி ஒருவர் நிற்க வேண்டும். ஆடி முடிந்து பள்ளிகளில் விளையாட்டுப் போட்டிகள் தொடங்கும் மாதங்கள் வருகின்றன. வெற்றியும் தோல்வியும் தெருச் சண்டையாக மாறும் மாதங்கள் அவை. உங்கள் ஊரில் எந்த நிறுத்தம், எந்த வாய்க்கால் வழி, எந்தத் திடல் என்று ஒரு பட்டியல் போடுங்கள். யார் எந்த நாள் என்று அதன் எதிரே பெயர் எழுதுங்கள்.